ஓராண்டு உதவித்தொகை, தீராத புகை

மும்பை செம்பூரின் கிழக்கு ஓரத்தில் மாஹுல், அம்பாபாடா என்று இரண்டு கிராமங்கள் இருக்கின்றன. சுற்றிலும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் ரசாயனக் கிடங்குகளும். அங்கு வசிப்பவர்களில் 67.1 விழுக்காட்டினருக்கு மாதத்தில் மூன்று தடவைக்கு மேல் மூச்சுத்திணறல் வருவதாகக் கே.இ.எம். மருத்துவமனையின் ஆய்வு சொன்னது. ஊர்க்காரர்கள் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அங்குள்ள காற்றால் மக்களின் உடல்நலத்துக்கு ஆபத்து உண்டு என்று தீர்ப்பாயம் 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்டது. 2020 ஆகஸ்டில் நான்கு நிறுவனங்கள் மீது மொத்தம் சுமார் 286 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது.

மும்பையில் சூழல் நீதி பற்றிப் பேசும் எவரும் இந்த வழக்கைத் தாண்டிப் போக முடியாது. வழக்கு நகர்ந்ததற்குக் காரணங்கள் தெளிவாகத் தெரிகின்றன. மனுதாரர்கள் ஊரைவிட்டுப் போகாதவர்கள். அவர்கள் கையில் நீதிமன்றம் மதிக்கும் அளவீடு இருந்தது. அதைக் கொடுத்த மருத்துவமனை மாநகராட்சியுடையது, ஆலைகளின் நன்கொடையில் நடப்பது அல்ல. சூழல் பாதுகாப்பு, பருவநிலை நீதி என்ற பெயர்களில் இளைஞர்களுக்குத் தரப்படும் ஃபெலோஷிப்புகள் பெருகிவிட்ட காலம் இது. அவை இந்த மூன்றில் எதையாவது உருவாக்குகின்றனவா என்பதே நம் கேள்வி. பயிற்சி பெற்றவர் பின்னால் நல்ல வேலைக்குப் போனாரா என்பது நிறுவனங்களின் ஆண்டறிக்கைக்கு உரிய கேள்வி. மாஹுலுக்கு அது பொருட்டில்லை.

தனிமனித வளர்ச்சியை அப்படி ஒதுக்கிவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அவர்கள் பக்கம் வலுவான சான்று சாலிம் அலி. பம்பாய் வேல்ஸ் இளவரசர் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளராக இருந்தவர், பெர்லின் போய்ப் பறவையியல் பயின்று 1930இல் திரும்பியபோது, பணம் இல்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டிருந்தார்கள். வேலையில்லாத அந்த நாட்களில் அலிபாக் பக்கத்துக் கிஹிம் கிராமத்தில் தங்கித்தான் தூக்கணாங்குருவியின் கூடு கட்டும் வாழ்க்கையைக் கூர்ந்து பார்த்தார். அவர் பெயரை நிலைநாட்டிய ஆய்வு அதுதான். இளம் ஆய்வாளருக்குக் கவலையற்ற காலம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டாம். ஆனால் அந்தக் காலத்தை அவருக்குக் கொடுத்தது குடும்பப் பின்பலம். நல்கைக்குழு எதுவும் அல்ல. தாராவிப் பிள்ளைக்குக் கிஹிம் கிடையாது. ஆகவே உதவித்தொகை வேண்டும் என்பதில் சர்ச்சை இல்லை. அது யாருக்கு, எந்த நிபந்தனையோடு போகிறது என்பதில்தான் இருக்கிறது.

நுழைவாயிலில், அதாவது யாரை எப்படிச் சேர்ப்பது என்பதில், சிறந்து நிற்பது ‘புக்கார்’. மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை தொடங்கிய இந்த மும்பை நிறுவனம் 2005இல் இளைஞர் ஃபெலோஷிப்பை ஆரம்பித்தது. அப்பாதுரை பம்பாயில் பிறந்த தமிழர். ஆய்வு செய்வது ஓர் உரிமை, பல்கலைக்கழகத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கும் அது உண்டு என்பது அவர் 2006இல் எழுதிய கட்டுரையின் வாதம். திட்டம் அந்த வாதத்தின்படி அமைந்தது. பட்டம் கேட்கவில்லை. தனி ஆளாக அல்ல, குழுவாகச் சேர்த்துக்கொண்டது. ஆய்வுப்பொருளை இளைஞர்களே தேர்ந்தார்கள்.

இந்த முறைக்கு உண்மையான சோதனை கௌலா பந்தரில் நடந்தது. துறைமுகத்துக்குச் சொந்தமான நிலத்தில், தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் குடியேறி வளர்ந்த குடிசைப்பகுதி அது. நிலம் மத்திய அரசுடையது என்பதால் அரசுப் பதிவேட்டில் ஏறாத பகுதி. மாநகராட்சிக் குழாய்க்கு வழியிருக்கவில்லை. ‘வெறுங்கால் ஆய்வாளர்கள்’ என்று புக்கார் அழைக்கும் உள்ளூர் இளைஞர்கள் வீடு வீடாகத் தண்ணீரை அளந்தார்கள். அதை அடிப்படையாகக் கொண்ட ஆய்வு 2013இல் ‘பிஎம்சி பப்ளிக் ஹெல்த்’ என்ற ஆய்விதழில் வந்தது. அப்போது மாநகராட்சிக் கட்டணம் ஆயிரம் லிட்டருக்கு 2 ரூபாய் 25 காசு. கௌலா பந்தர்க்காரர்கள் கொடுத்ததோ அதைப் போல 52 முதல் 206 மடங்கு. சில பருவங்களில் 95 விழுக்காடு வீடுகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர்கூடக் கிடைக்கவில்லை. மழைக்காலத்தில் எடுத்த மூலநீர் மாதிரிகளில் பாதி மாசுபட்டிருந்தது. ஏழைக்குத் தண்ணீர் விலை அதிகம் என்று எல்லோரும் பொதுவாகச் சொல்லிவந்ததை, எவரும் மறுக்க முடியாத எண்ணாக ஆக்கிக் கொடுத்தது இந்த வேலை. வெளியூர் மாணவர் கேட்டால் தண்ணீர் விற்பவன் விலையைச் சொல்லமாட்டான். பக்கத்து வீட்டுப் பையனுக்கு அது முன்பே தெரியும்.

ஆனால் எண் தானே குழாயைக் கொண்டுவந்துவிடாது. அதிகாரபூர்வமற்ற குடியிருப்பு என்பதற்காகத் தண்ணீரை மறுக்கக் கூடாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014 டிசம்பரில் சொன்னது, தண்ணீர் உரிமைக்கான ‘பானி ஹக் சமிதி’ போட்ட மனுவின் பேரில். அளப்பவர்கள் ஒரு தண்டவாளத்திலும் வழக்காடுபவர்கள் இன்னொன்றிலும் போனார்கள். புக்காரின் குறை அங்கே இருக்கிறது. ஆய்வு முடியும் இடத்தில் திட்டமும் முடிந்துவிடுகிறது.

அந்தக் குறையைத் தொடுவது செம்பூரில் இயங்கும் ‘கோரோ’. 1989இல் எழுத்தறிவு வேலைக்காகத் தொடங்கப்பட்டு, 2008 முதல் அடித்தளத் தலைமைத்துவ ஃபெலோஷிப்பை நடத்துகிறது. தலித், பழங்குடி, முஸ்லிம், நாடோடிச் சமூகங்களிலிருந்து வருபவர்கள், தாங்கள் ஏற்கெனவே வேலை செய்யும் இடத்திலேயே இருந்துகொண்டு பயிற்சி பெறுகிறார்கள். 2011இல் மும்பையில் எழுந்த ‘சிறுநீர் கழிக்கும் உரிமை’ இயக்கம் இவர்கள் வழியாக வளர்ந்தது. பொதுக் கழிப்பறையில் ஆண்களுக்கு இலவசம், பெண்களிடம் காசு என்ற நடைமுறையை ஆவணமாக்கி மாநகராட்சியின் முன் வைத்தார்கள். ஆண்டு முடிந்தாலும் அந்தப் பெண்கள் அதே தெருவில்தான் இருந்தார்கள், இயக்கமும் இருந்தது. ஊரிலேயே தங்கும் சக்தியில் கோரோவை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கழிப்பறையின் அநீதியைக் கண்ணால் எண்ணிவிடலாம். காற்றில் கலக்கும் கரிம ஆவியை அப்படி எண்ண முடியாது; அதற்குக் கருவியும் ஆய்வகமும் வேண்டும். தலைமைப் பயிற்சி அவற்றைத் தருவதில்லை.

அறிவு இருக்கும் இடம் தேவ்னாரில் இருக்கிறது. டாடா சமூக அறிவியல் கழகம் தன் 75ஆம் ஆண்டில், 2011இல், எம்-கிழக்கு வார்டில் நீண்டகாலப் பணியைத் தொடங்கியது. தேவ்னார் குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் கோவண்டி, மான்குர்த் குடிசைகள் அடங்கிய வார்டு அது. 2009ஆம் ஆண்டு மும்பை மனித வளர்ச்சி அறிக்கை அதற்குக் கொடுத்த குறியீடு 0.05; நகரத்திலேயே கடைசி இடம். ஆனால் கழகத்தின் சொந்த அடித்தளம் எவ்வளவு உறுதி? 2024 ஜூன் இறுதியில், டாடா கல்வி அறக்கட்டளையின் பணத்தில் சம்பளம் பெற்றுவந்த சுமார் 55 ஆசிரியர்களுக்கும் 60 ஊழியர்களுக்கும் வேலை முடிந்தது என்று கடிதம் போனது. சில நாட்களில், அறக்கட்டளை பணம் தருவதாகச் சொன்னதும், திரும்பப் பெறப்பட்டது. இளைஞர்களுக்கு வழிகாட்ட வேண்டியவர்களே ஆண்டுக்காண்டு நீட்டிப்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தால், ஆறு ஆண்டு இழுக்கும் வழக்குக்கு யார் தோள் கொடுப்பது?

தமிழ்நாட்டு வாசகர் இந்த இடத்தில் முதலமைச்சரின் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தைச் சுட்டலாம். அது நியாயமான எதிர்வாதம். அண்ணா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சுற்றுச்சூழல் துறை நடத்தும் அந்தத் திட்டம் இளைஞர்களை மாவட்டங்களுக்கு அனுப்புகிறது. ஆட்சியர் தலைமையிலான மாவட்டப் பருவநிலை இயக்கத்தோடு அவர்களுக்கு வேலை. மும்பையில் தன்னார்வ நிறுவனங்கள் வருடக்கணக்கில் தட்டும் கதவு அங்கே முதல் நாளே திறந்திருக்கிறது. கோப்பு எங்கே நிற்கிறது, எந்தத் துறை கையெழுத்துப் போட வேண்டும் என்பதைத் தெரிந்த இளைஞர் பெரிய சொத்துதான். ஆனால் அவர் ஆட்சியர் அலுவலகத்தின் விருந்தாளி. சதுப்புநிலத்தை மீட்கும் பக்கம் அரசு நிற்கும்வரை அவர் பயன்படுவார். அரசே எதிர்த்தரப்பாக நிற்கும் நாளில் அவர் எந்தப் பக்கம்? மாஹுலில் அந்த நாள் வந்தது. குழாய்ப்பாதைக்காக அப்புறப்படுத்தப்பட்டவர்களை அந்தக் காற்றுக்குள் குடிவைத்தது அரசு எந்திரம்தான். அங்கே போக விரும்பாதவர்களுக்கு மாதம் 15,000 ரூபாய் வாடகை கொடு என்று 2019இல் உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியதாயிற்று. அரசு ஃபெலோஷிப் நிர்வாகத்தைக் கூர்மையாக்கும். அதற்கு ‘நீதி’ என்று பெயர் வைப்பது மிகை.

பணம் வரும் வழியும் பார்க்கப்பட வேண்டும். 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சூழல் பாதுகாப்பு அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு சுத்திகரிப்பு ஆலையின் பணத்தில் மரம் நடுபவரை உருவாக்கலாம். அதன் புகைபோக்கியை அளப்பவரை உருவாக்க முடியுமா? வெளிநாட்டு நிதி அந்த இடத்தை நிரப்பிவந்தது. 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வந்த திருத்தம், பெற்ற பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றுவதையே தடை செய்தது. பெரிய நிறுவனம் பணம் பெற்று, சிறிய ஊர் அமைப்புகளில் இருக்கும் இளைஞர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் வழி அதோடு அடைபட்டது. ஆக, அதிகாரத்தை உரசும் ஃபெலோஷிப்புக்குப் பணம் கிடைப்பது கடினம். உரசாததற்குக் கிடைப்பது எளிது. இதைச் சொல்லாமல் எண்ணிக்கை பெருகியதை மட்டும் கொண்டாடும் மதிப்பீடு முழுமையாகாது.

இப்போது தாராவியில் இந்தக் கணக்குகள் எல்லாம் ஒன்றாகக் கூடுகின்றன. குப்பைமேட்டின் மேல் காடு வளர்த்து 1994இல் திறக்கப்பட்ட மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலை ஓரத்தில் நிற்கிறது. அது தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்குள் வராது என்று நீதிமன்றத்தில் உறுதி சொல்ல வைக்க ஒரு பொதுநல வழக்கு தேவைப்பட்டது. இன்னொரு பக்கம், தாராவியிலேயே வீடு பெறத் தகுதியில்லை என்று ஒதுக்கப்படுபவர்களைக் குடியமர்த்த தேவ்னார் குப்பைமேட்டில் 124 ஏக்கரை மாநில அரசு ஒதுக்கியிருக்கிறது. பழைய குப்பைமேடு ஒன்று பூங்காவாகிக் காப்பாற்றப்படுகிறது. இன்னும் புகையும் குப்பைமேடு ஒன்று தாராவிக்காரரின் முகவரியாகப் போகிறது. பறவையைப் பார்ப்பவருக்கு ஒரு ஃபெலோஷிப், குடிசையைப் பார்ப்பவருக்கு இன்னொன்று என்று பிரித்து வைத்திருக்கும் ஏற்பாட்டுக்கு இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கண் கிடையாது. தேவ்னார் மண்ணில் கசியும் வாயுவை யார் அளக்கப்போகிறார்கள்? மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்து, ஆங்கில விண்ணப்பத்தில் ‘நோக்க அறிக்கை’ எழுதத் தெரியாததால் முதல் சுற்றிலேயே விழும் பிள்ளையா, மாட்டுங்காவில் நல்ல கல்லூரியில் படித்து அடுத்த ஆண்டு வெளிநாட்டு மேற்படிப்புக்குப் போகும் பிள்ளையா? இரண்டாமவரின் திறமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 2031இல் தேவ்னாரில் நின்று சாட்சி சொல்ல அவர் இருக்கமாட்டார்.

என் தீர்ப்பு இது. மும்பையில் உள்ளவற்றில் சேர்க்கும் முறையில் புக்காரும், நிலைத்து நிற்பதில் கோரோவும் சரியான வழியைக் காட்டியிருக்கின்றன. அரசு மாதிரியைவிட அவை மேல். பட்டத்தையும் ஆங்கிலத்தையும் வடிகட்டியாக வைக்கும் ஓராண்டு, ஈராண்டுத் தனிநபர் ஃபெலோஷிப்புகள் நல்ல வேலைப் பயிற்சி. பருவநிலை நீதி என்ற பெயருக்கு அவை தகுதி பெறவில்லை. அந்தப் பெயர் வேண்டுமென்றால் குறைந்தது ஐந்தாண்டுக் காலம், தனி ஆளுக்குப் பதில் உள்ளூர்க் குழு, ஒரு பொது மருத்துவமனையோடும் ஒரு வழக்கறிஞரோடும் எழுத்துப்பூர்வமான இணைப்பு, எதிர்த்தரப்பிடமிருந்து வராத பணம் ஆகியவை வேண்டும். இப்படிச் செய்தால் ஆண்டுக்கு நூறு பேரைச் சேர்க்க முடியாது, பத்துப் பேரைத்தான் சேர்க்க முடியும் என்று நிறுவனங்கள் சொல்லும். சொல்லட்டும். மாஹுலில் தீர்ப்பாயத்தின் படியேறியவர்களின் எண்ணிக்கை அதைவிடக் குறைவு.