ஸ்மித்தின் கறுப்பு

கறுப்பு வெள்ளைப் புகைப்படத்தை 'உள்ளதை உள்ளபடி' காட்டும் சாதனமென்று நம்மவர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு கதைக்கு யதார்த்த முத்திரை குத்தவேண்டி வந்தால் உடனே 'புகைப்படம்போல' என்று ஓர் உவமை. கண் காணும் உலகம் கறுப்பு வெள்ளையாக இல்லை என்ற எளிய விஷயம்கூட இவர்களை உறுத்துவதில்லை. நிறத்தைக் கழித்த கணத்திலேயே ஒரு முடிவு எடுக்கப்பட்டுவிட்டது. எது எவ்வளவு கறுக்கவேண்டும் என்பது இரண்டாவது முடிவு. அதில் பெரும்பங்கு இருட்டறையில் எடுக்கப்படுகிறது. இந்த இரண்டாவது முடிவை டபிள்யூ. யூஜீன் ஸ்மித் அளவுக்கு உக்கிரமாக எடுத்துக்கொண்ட இன்னொரு ஆவணப் புகைப்படக்காரரை எனக்குத் தெரியாது.

என்லார்ஜரின் கீழே கையை நீட்டி ஓரிடத்தில் வெளிச்சத்தைத் தடுப்பது, இன்னோரிடத்தைக் கூடுதல் வெளிச்சத்தில் கறுக்கவிடுவது — இவையெல்லாம் எந்த இருட்டறையிலும் நடப்பவை. ஸ்மித் அதோடு நிற்கவில்லை. பிரிண்டை முதலில் ஆழமாகக் கறுக்க வைப்பார். பிறகு பொட்டாசியம் ஃபெரிசயனைடு கரைசலைத் தூரிகையால் தொட்டு, அந்தக் கறுப்பிலிருந்து ஒரு கன்னத்தை, ஒரு விரலை, ஒரு கண்ணின் வெண்மையை மீட்டெடுப்பார். ஒரு பிரிண்டுக்கு நாள் கணக்கில் பிடிக்கும். 1955-ல் பிட்ஸ்பர்க் நகரத்தைப் பற்றி மூன்று வாரத்தில் நூறு படம் எடுத்துத் தரச் சொல்லி அனுப்பினார்கள். பல்லாயிரம் நெகட்டிவ்களோடு அதிலேயே வருஷக்கணக்கில் மூழ்கிப்போனார். 1959-ல் ஓர் ஆண்டுமலரில் அவற்றில் 88 வெளிவந்தன. அதையும் தோல்வியென்றே கருதினார்.

இந்தச் சிரத்தையைப் புகழ்வது சுலபம். அது எங்கெல்லாம் கை நீட்டியது என்று பார்ப்பதுதான் சங்கடம். 1951-ல் 'லைஃப்' வெளியிட்ட ஸ்பானியக் கிராமப் படங்களில் ஒரு சாவு வீடு வருகிறது. கிழவரின் உடலைச் சூழ்ந்து கறுப்புடைப் பெண்கள். அவர்களில் இருவரின் பார்வை போன திசை ஸ்மித்துக்கு உவப்பாக இல்லை. கண்களைக் கறுப்பாக்கி, வெண்மையை வேறிடத்தில் ப்ளீச் செய்து, பார்வையைத் திருப்பிவிட்டார். 1954-ல் லாம்பரேனேயில் எடுத்த ஆல்பர்ட் ஷ்வைட்சர் படத்தில், முன்னால் நிழலுருவாகத் தெரியும் ரம்பப் பிடியும் கையும் வேறொரு நெகட்டிவிலிருந்து வந்தவை. இரண்டையும் அவர் அப்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

ஆவணம் என்ற சொல்லோடு தினமும் காலந்தள்ளும் வங்கி குமாஸ்தா நான். ஆவணத்தில் அடித்தல் திருத்தல் கூடாதென்று எங்கள் சட்டம் சொல்வதில்லை. திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இருக்கவேண்டும், அவ்வளவுதான். ஸ்மித்தைக் கலைஞன் என்று சொல்லி விடுதலை செய்பவர்களும், மோசடிக்காரன் என்று தள்ளுபவர்களும் இந்தச் சுருக்கொப்பத்தைப் பற்றிப் பேசுவதேயில்லை. திருத்தியது எனக்குக் குற்றமாகப் படவில்லை. அந்த ரம்பப் பிடி, ஷ்வைட்சரைப் பற்றி நமக்கு ஏதும் சொல்லாமல் படத்தின் மூலையை மட்டும் நிரப்புகிறது, அது அலங்காரம். அலங்காரத்தைச் சாட்சியமாகத் தந்ததுதான் குற்றம்.

இருபதாண்டுகள் கழித்து வந்த 'மினமாட்டா' புத்தகத்தில் (1975) இது மாறுகிறது. பத்திரிகையுலகம் பூஜிக்கும் புறவயநோக்கு தனக்கு வேண்டாமென்று ஸ்மித் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். சுருக்கொப்பம் விழுந்துவிட்டது. ஜப்பானில் சிஸோ ரசாயனத் தொழிற்சாலை விரிகுடாவில் பல்லாண்டுகள் விட்ட கழிவிலிருந்த மெதில் பாதரசம் மீனில் சேர்ந்து, மீன் தின்றவர்களின் நரம்பைத் தின்றது. நோய் 1956-ல் தெரியவந்தது. காரணம் தொழிற்சாலைதான் என்று அரசாங்கம் ஒப்புக்கொள்ள 1968 ஆயிற்று. ஸ்மித்தும் மனைவி அய்லீனும் 1971 முதல் மூன்று வருஷம் அங்கேயே குடியிருந்தார்கள். 1972 ஜனவரியில் தொழிற்சாலை ஆட்களிடம் அடிபட்டு ஸ்மித்தின் பார்வை பழுதுபட்டது.

1971 டிசம்பரில் எடுத்தது அந்தப் படம். கருவிலேயே விஷமேறிப் பிறந்த 15 வயது மகளைத் தாய் குளியல் தொட்டியில் கைகளில் ஏந்தியிருக்கிறாள். தாயின் உடம்பிலிருந்த விஷத்தைத் தான் வாங்கிக்கொண்டவள் என்பதால் பெற்றோர் அவளைப் பொக்கிஷக் குழந்தை என்று அழைத்தார்கள். பெயரை நான் எழுதப்போவதில்லை.

இந்தப் படத்தைப் பார்த்த விமர்சகர்கள் எல்லோரும் மைக்கலாஞ்சலோவின் பியட்டாவைச் சொல்லிவைத்தாற்போல் இழுத்து வந்தார்கள். பியட்டாவில் மகன் செத்துவிட்டான். இங்கே மகள் உயிரோடிருக்கிறாள், குளித்துக்கொண்டிருக்கிறாள். நேற்றும் இந்தத் தாய் இதைச் செய்தாள், நாளையும் செய்யவேண்டும். சுவர், செம்பு, துணி எல்லாவற்றையும் விழுங்கி, இரண்டு உடல்களை மட்டும் மிச்சம் வைத்த ஸ்மித்தின் கறுப்புதான் அவர்களுக்குப் பியட்டாவைக் காட்டியது. உலகத்தைத் திரும்பிப் பார்க்கவைத்ததும் அதே கறுப்புதான். 1972 ஜூனில் 'லைஃப்' வெளியிட்டது; 1973 மார்ச்சில் குமமோட்டோ நீதிமன்றத்தில் நோயாளிகள் பக்கம் தீர்ப்பாயிற்று. தீர்ப்புக்குப் படம் காரணமென்று நான் சொல்ல வரவில்லை. அது வழக்கு நடந்த காலத்தின் படம், பெற்றோர் சம்மதித்ததும் அந்தப் போராட்டத்துக்காக.

மகள் 1977-ல் இறந்தாள், அடுத்த வருஷம் ஸ்மித்தும். அதற்குப் பிறகும் படம் புத்தகம் புத்தகமாக, சுவர் சுவராகப் போய்க்கொண்டிருந்தது. அவளை ஓய்வெடுக்க விடவேண்டும் என்று பெற்றோர் விரும்பினார்கள். 1998-ல் அய்லீன் அந்தப் படத்தைப் பற்றி முடிவெடுக்கும் உரிமையை அவர்களிடமே ஒப்படைத்தார்.

நம் வட்டத்து நண்பர் ஒருவருக்கு இதில் கோபம். வெளிவந்த படைப்பு யாருக்கும் சொந்தமில்லை, உலகத்துக்குச் சொந்தம் என்கிறார். இந்த வாதத்தில் படைப்பாளியும் இல்லை, தாயும் இல்லை. பார்ப்பவனின் பசி மட்டுமே இருக்கிறது. ஸ்மித் தன் திருத்தத்துக்குத் தான் சுருக்கொப்பமிட்டார். கறுப்பு விழுங்கிய வீட்டுக்குச் சொந்தக்காரர்களின் ஒப்பம் ஒரு போராட்டத்துக்காக இடப்பட்டது. போராட்டம் முடிந்த பின்னும் அதைச் செல்லும் என்று வைத்துக்கொள்வது கலையின் பெயரால் நடக்கும் சௌகரியம். அய்லீன் செய்தது சரி. நண்பருக்கு இதில் சமாதானம் ஏற்படாது என்று தெரியும்.

அந்த ஒரு படத்தை ஒதுக்கினாலும் புத்தகம் சூம்பிப்போகவில்லை. கடலில் கழிவைக் கொட்டும் குழாய், வலை இழுப்பவர்கள், முறுக்கிக்கொண்ட கைகள், இறந்தவர்களின் படங்களை மார்போடு அணைத்து நீதிமன்றத்துக்கு வந்தவர்கள். நான் படித்த விமர்சனங்களில் இவற்றைப் பற்றி ஒரு பத்திகூட இல்லை. அடுத்த இதழில் அவற்றை எடுத்துக்கொள்ள உத்தேசம்.