யன்னலோரத்து முகம்

"பாதி முகத்தைக் காணேல்லையே தம்பி" என்றார் அந்த அம்மா. நான் எடுத்த படத்துக்குக் கிடைத்த முதலாவது விமர்சனம் அதுதான். சொன்னவர் படத்தில் இருந்தவரே.

ஹூஸ்ரனின் தென்மேற்குப் பக்கத்தில் எம்மவர் சிலர் பூசைக்குக் கூடும் ஒரு சிறிய தேவாலயத்தில் எடுத்த படம். பூசை முடிந்து எல்லோரும் தேத்தண்ணிக்குப் போனபின், யன்னலோரத்து வாங்கில் அவரை இருத்தி, பிளாஷ் இல்லாமல், மின்விளக்குகளையும் அணைத்துவிட்டு எடுத்தேன். வண்ணக்கண்ணாடி யன்னல்களை வேண்டுமென்றே தவிர்த்தேன். அவை பார்க்க அழகுதான். ஆனால் ஒரு கன்னம் பச்சையாகவும் மூக்கு சிவப்பாகவும் வந்து சேரும். கடைசி வரிசையில் மங்கற்கண்ணாடி போட்ட சாதாரண யன்னல் ஒன்று இருந்தது. அது போதும்.

தேவாலயத்துக்குள் படமெடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. இருட்டுக்குக் கண் பழகிவிடும், கமரா பழகாது. யன்னலிலிருந்து இரண்டடியில் இருக்கும் முகத்துக்கும் ஆறடியில் இருக்கும் முகத்துக்கும் இடையில் வெளிச்சம் பல மடங்கு குறைந்துவிடுகிறது. முகத்துக்குப் பின்னால் இருக்கும் இருட்டையும் சேர்த்தே கமரா அளக்கும். அளந்து, முழுவதையும் சாம்பல் நிறமாக்கப் பார்க்கும். யன்னல் பக்கத்துக் கன்னம் வெளுத்துச் செத்துப்போகும். ஆகவே அது சொன்னதைவிட ஒன்றரைப் படி குறைத்து, முன்வாங்கின் முதுகில் முழங்கையை ஊன்றி, வினாடியின் முப்பதில் ஒரு பங்கில் எடுத்தேன். கோடாக் நிறுவனம் நீண்டகாலமாகத் தன் வண்ண அச்சுகளைச் சரிபார்த்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் போட்ட அட்டையை வைத்துத்தான். கறுத்த தோலை அதன் நிறத்திலேயே எடுப்பதற்கு நாங்கள் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டித்தான் இருக்கிறது.

படம் நன்றாக வந்தது என்றே நினைத்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை என்றவுடன் எனக்குக் கோபம் வந்தது. ஏன் எம்மவர்களுக்கு நிழல் ஆகாது என்று ஒரு கட்டுரையே மனதில் எழுதிவிட்டேன். அது இப்படிப் போயிற்று.

மின்சாரம் வருமுன் எங்களூர்ப் பக்கத்து ஸ்ரூடியோக்களும் வெளிச்சத்தை நம்பியே இருந்தன. கண்ணாடிக் கூரை, அதன்கீழ் வெள்ளைத் திரை, அசையாமல் இருக்கும் ஆள். 1890இல் கொழும்பில் தொடங்கிய பிளேட் நிறுவனத்தின் பழைய படங்களில் முகங்களுக்கு ஒரு பள்ளமும் மேடும் உண்டு. பிறகு மின்விளக்குகள் வந்தன. இரண்டு பக்கமும் விளக்கு, முகத்தில் பவுடர், இரண்டு காதும் தெரியவேண்டும். அதற்குப் பிறகு அடையாள அட்டை, பாஸ்போட், விசா. அமெரிக்க அரசாங்கம் கேட்கும் படம் இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம்; பின்னணி வெள்ளை; முகத்தில் நிழல் விழக்கூடாது. அகதி ஒருவனிடம் இருக்கும் படங்களை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலானவை ஏதோவொரு அலுவலகத்துக்காக எடுக்கப்பட்டவை. ஆகவே நிழலற்ற முகமே சரியான முகம் என்பது எங்களது ரசனையல்ல, எங்களைச் சோதித்தவர்களின் ரசனை. இப்போது கைத்தொலைபேசிகளும் அதே வேலையைச் செய்கின்றன. இருட்டைக் கண்டால் தாமாகவே வெளுப்பாக்கிவிடுகின்றன.

இந்த வாதத்துக்குத் துணையாக ஜூலியா மார்கரெட் கமரோனை அழைத்தேன். 1863இன் முடிவில், நாற்பத்தெட்டு வயதில், மகளும் மருமகனும் கொடுத்த கமராவோடு தொடங்கியவர். இங்கிலாந்தின் வைற் தீவில் கோழிக்கூட்டை ஸ்ரூடியோவாக்கி, பகல் வெளிச்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அசையாமல் நெடுநேரம் இருக்கச் சொல்லிப் படமெடுத்தார். ஹேர்ஷல் என்ற விஞ்ஞானியின் முகம் இருட்டுக்குள்ளிருந்து வெளியே வருவது போல நிற்கும் 1867ஆம் ஆண்டுப் படம் அவருடையதுதான். படங்கள் தெளிவில்லை, அழுக்கு என்று அக்காலத்து விமர்சகர்கள் திட்டினார்கள். அந்த அம்மா என்னைத் திட்டியது போலத்தான் என்று ஆறுதல்பட்டேன்.

ஆனால் கமரோனை அழைத்தால் அவரோடு இலங்கையும் வரும். அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரோன்தான் கோல்புறூக்-கமரோன் ஆணைக்குழுவின் கமரோன். 1833இல் தீவு முழுவதையும் ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்டுவந்த சீர்திருத்தங்கள் அந்தக் குழுவின் அறிக்கைகளிலிருந்து வந்தவை. அதன் பலனை நாங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை. கோப்பித் தோட்டங்கள் வைத்திருந்த இந்தக் குடும்பம் 1875இல் இலங்கைக்கே குடிபோனது. கமரோன் அம்மையார் களுத்துறையில் மகனின் வீட்டிலிருந்து படம் எடுத்தார். அங்கு எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன. அவற்றில் இருப்போரில் சிலர் தோட்டத்துத் தமிழர் என்று கருதப்படுகிறது.

அந்தப் படங்களில் வெளிச்சம் ஒரு குறையுமில்லை. ரெனிசனுக்குக் கொடுத்த அதே பகல் வெளிச்சத்தைத்தான் கூலிக்காரப் பெண்ணுக்கும் கொடுத்தார். பெயரைத்தான் கொடுக்கவில்லை. ஹேர்ஷல் ஹேர்ஷலாக இருக்கிறார், சிறுமி அனி கூட அனியாக இருக்கிறாள், எங்களவர் 'களுத்துறைக் குடியானவர்கள்' ஆகிவிடுகிறார்கள். 1877இல் அங்கு போயிருந்த ஓவியர் மரியான் நோர்த் ஒரு சங்கதி எழுதிவைத்திருக்கிறார். ஒருவனுடைய முதுகு அழகாக இருந்தது என்பதற்காக, தோட்டமே இல்லாத வீட்டுக்கு அவனைத் தோட்டக்காரனாக வைத்துக்கொள்ளும்படி கமரோன் அம்மையார் மகனிடம் பிடிவாதம் பிடித்தாராம். முதுகு நினைவிருக்கிறது, ஆள் யாரென்று தெரியவில்லை. 1879இல் அவர் இறந்தபோது பொகவந்தலாவை சென்மேரிஸ் தேவாலயத்தில் புதைத்தார்கள். அங்கே கல்லில் பெயர் இருக்கிறது.

நிழல் நன்றாக விழுந்துவிட்டால் ஆளுக்கு நியாயம் செய்தாகிவிட்டது என்ற எனது நினைப்பு இந்த இடத்தில் ஆட்டங்கண்டது.

இதே ஊரில் றொத்கோ சப்பல் இருக்கிறது. 1971இல் திறந்த எட்டுப்பக்கக் கட்டடம், உள்ளே கறுப்பும் ஊதாவுமாகப் பதினான்கு ஓவியங்கள், வெளிச்சம் கூரையிலிருந்து மட்டும். றொத்கோ நியூயோர்க்கில் தன் வேலைக்கூடத்துக் கூரைக்கண்ணாடியின்கீழ் ஒரு பரசூட் துணியைக் கட்டி வெளிச்சத்தை அடக்கி வரைந்தார். ரெக்சாஸ் வெயில் அப்படி அடங்குகிற வெயிலல்ல. திறந்த காலத்திலிருந்தே துணியும் தடுப்பும் போட்டுப் பார்த்து, கடைசியில் 2020இல் கூரைக்கண்ணாடியையே மாற்றினார்கள். உள்ளே படமெடுக்க அனுமதியில்லை. வேலையில்லாத ஒரு நாளில் போயிருந்து, ஓவியங்களை விட்டுவிட்டு எதிர்வாங்கில் இருந்தவர்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து விழும் வெளிச்சத்தில் எல்லோருடைய கண்களும் குழிக்குள் போய்விட்டன. தியானத்துக்கு அது நல்லதாயிருக்கலாம். ஆளை அடையாளம் காண உதவாது.

பிறகு ஒருநாள் அந்த அம்மாவிடம் போய், படத்தில் என்ன குறை என்று ஒழுங்காகக் கேட்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது. அவருடைய மகனை 2009 மே மாதத்துக்குப் பிறகு காணவில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தாய்மார் தொடங்கிய போராட்டத்தில் அவருடைய தங்கையும் போய் இருந்தவர். தங்கையின் கையிலிருந்த படம் பெடியனின் அடையாள அட்டையிலிருந்து பெருப்பித்தது. அந்த வீதியோரத்தில் பிடித்திருந்த படங்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவைதான். நேரே பார்க்கும், நிழலில்லாத முகங்கள்.

"நான் இஞ்ச வந்து இவ்வளவு வருசம். தலை நரைச்சுப் போச்சு, பல்லும் போச்சு. அவன் வந்து கேட்டால் காட்டத்தான் தங்கச்சி என்ர படம் ஒண்டு கேட்டவள். நீர் எடுத்ததைப் பாத்து அவன் என்னை மட்டுக்கட்டமாட்டான்."

எனது கட்டுரையில் இதற்குப் பதில் இருக்கவில்லை. நிழலற்ற படம் அதிகாரியின் படம் என்று எழுதினேன். அதிகாரிக்காக எடுத்த படத்தைத்தான் ஒரு தாய் வெயிலில் பிடித்துக்கொண்டிருக்கிறாள். பவுடர் பூசிய ஸ்ரூடியோப் படங்களைப் பற்றி நான் சொன்னதை முழுவதும் திருப்பி எடுக்கவும் மனமில்லை. அவற்றில் என் அப்பா எனக்குத் தெரிந்த அப்பாவாக ஒருபோதும் இருந்ததில்லை.

அடுத்த பூசைக்கு, வேலைசெய்யும் இடத்தில் கேட்டு ஒரு வெள்ளை மேசைவிரிப்பை எடுத்துக்கொண்டு போனேன். அதே யன்னல், அதே வாங்கு. விரிப்பை மடித்து அவருடைய பேத்தியிடம் கொடுத்து, இருட்டுக் கன்னத்துப் பக்கம் மூன்றடி தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். யன்னல் வெளிச்சம் துணியில் பட்டுத் திரும்பியது. நிழல் போகவில்லை, ஆனால் அதற்குள் காதும் தாடையோரத்து மறுவும் தெரிந்தன. முகத்தை இன்னும் கொஞ்சம் நேரே திருப்பச் சொன்னேன். பிள்ளைக்குக் கை நொந்து விரிப்பு சரிந்துகொண்டே இருந்ததில் ஏழெட்டுப் படங்கள் வீண்.

அவர் கமராவின் சிறிய திரையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். மறுவில் விரலை வைத்து, "இது அவனுக்குத் தெரியும்" என்றார். நாடி கோணலாக இருக்கிறது என்றும் சொன்னார். கிளிநொச்சிக்கு அனுப்பியது அந்தப் படம். பின்புறத்தில் அவருடைய பெயரையும் ஊரையும் நான்தான் எழுதினேன்.