புள்ளியும் சாய்வும்

நேர்கோட்டின் சமன்பாட்டை எழுதப் பல வடிவங்கள் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது புள்ளி-சாய்வு வடிவம். கோடு கடந்துபோகும் ஒரு புள்ளி, அதன் சாய்வு. இந்த இரண்டும் தெரிந்தால் போதும்.

காய்ச்சலைச் செல்சியஸிலிருந்து (செ) ஃபாரன்ஹீட்டுக்கு (ஃ) மாற்றும் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தண்ணீர் உறைவது 0 டிகிரி செல்சியஸ், 32 ஃபாரன்ஹீட். கொதிப்பது 100, 212. செல்சியஸ் 100 ஏறும்போது ஃபாரன்ஹீட் 180 ஏறுகிறது, சாய்வு 1.8. பள்ளியில் படித்த ஃ = 1.8செ + 32 உறைநிலையிலிருந்து தொடங்குகிறது. காய்ச்சல்காரருக்கு உறைநிலை எதற்கு? இயல்பான உடல் வெப்பமாக நாம் கொள்ளும் 37, 98.6 என்ற புள்ளியை வைத்து எழுதிப் பாருங்கள்:

ஃ − 98.6 = 1.8(செ − 37)

தெர்மாமீட்டர் 39 காட்டினால் அடைப்புக்குறிக்குள் 2, அதன் 1.8 மடங்கு 3.6, ஆக 102.2. மனக்கணக்காகவே வந்துவிடுகிறது. இயல்பைவிட எவ்வளவு கூடியிருக்கிறது என்பதைச் சமன்பாடே சொல்கிறது.

இரண்டு அளவுகளும் ஒன்றாகும் −40-ஐ வைத்தால் இன்னும் அழகு: ஃ + 40 = 1.8(செ + 40). இருபுறமும் ஒரே முகம். மூன்றும் ஒரே கோடுதான்.

செங்குத்துக் கோட்டுக்கு மட்டும் இந்த வடிவம் உதவாது. அதற்குச் சாய்வே கிடையாது.

பலர் சமன்பாட்டை இந்த வடிவில் எழுதிய கையோடு விரித்துச் சுருக்கிவிடுகிறார்கள். தேர்ந்தெடுத்த புள்ளி அதில் மறைந்துபோகிறது. ஆசிரியர்களே, கேள்வி வேறு வடிவம் கேட்காதபோது அதை அப்படியே விட்டுவைக்கச் சொல்லுங்கள்.