பாசிமணி மாலையை எப்படி ரசிப்பது?

பௌர்ணமி இரவில் வேண்டாம். திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் கூட்டம் தள்ளிக்கொண்டே போகும், நின்று பார்க்க முடியாது. சாதாரண நாள் ஒன்றில், வெயில் இருக்கும்போது போங்கள். பாதையோரம் துணி விரித்து நரிக்குறவப் பெண்கள் பாசிமணி கோத்துக்கொண்டிருப்பார்கள். “வாங்கு சாமி” என்பார்கள். உட்கார்ந்துவிடுங்கள்.

மாலையைக் கையில் எடுத்ததும் நிறத்தில் மயங்காமல் முதலில் கனத்தைப் பாருங்கள். கண்ணாடி மணி உள்ளங்கையில் சில்லென்று இருக்கும், குலுக்கினால் கலகலக்கும். பிளாஸ்டிக்கில் இரண்டும் இருக்காது. அடுத்து மாலையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடியுங்கள். உள்ளே குட்டிக் குமிழிகள் தெரியும். அவை துளையின் போக்கிலேயே நீண்டிருந்தால், உருகிய கண்ணாடியைக் குழாயாக இழுத்து நறுக்கிய மணி. துளையைச் சுற்றி வளைந்திருந்தால், கம்பியில் சுற்றிச் செய்தது. குமிழியைக் குறையென்று ஒதுக்காதீர்கள். மணி பிறந்த விதம் அதில்தான் எழுதியிருக்கிறது.

இழுத்துச் செய்யும் அந்த வித்தை இந்த மண்ணுக்கு மிகப் பழையது. இங்கிருந்து கிழக்கே, புதுச்சேரியை ஒட்டிய அரிக்கமேட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மணிப் பட்டறைகள் இருந்தன. 1945இல் மார்டிமர் வீலர் அகழ்ந்த ஊர் அது. இதே வகை மணிகள் தென்கிழக்காசியா வரை கிடைத்திருக்கின்றன. ரோட்டோரச் சரக்கு என்று நாம் தாண்டிப் போகும் பொருளுக்கு இப்படியொரு வம்சம்!

மணி எங்கிருந்தோ வரலாம், கோப்பு மட்டும் இந்தப் பெண்களுடையது. நான்கு கறுப்பு, ஒரு சிவப்பு, மறுபடி நான்கு கறுப்பு என்று விரல் தானாக எண்ணிக்கொள்கிறது. கம்பி மாலையானால் குறட்டால் நுனியை வளைத்துக் கண்ணியாக்கி, மிச்சத்தை அதன் கழுத்திலேயே இறுக்கிச் சுற்றுவார்கள். அந்தச் சுற்றின்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். எங்கும் குத்தாவிட்டால் தேர்ந்த கை.

ருத்திராட்சமும் விற்பார்கள். அதன் முகக்கோடு துளையிலிருந்து துளைவரை ஆழமாக ஓட வேண்டும், அவ்வளவுதான்.

தலைமுறைகளாக ஊர் ஊராக மணி விற்ற இந்த மக்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. உண்டியலில் எண்ணாமல் போடும் கை இங்கே பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்டுவதை என்னால் பொறுக்க முடிவதில்லை. கேட்ட விலையைக் கொடுங்கள். பிடித்த மணிகளைப் பொறுக்கி, கழுத்தளவும் சொன்னால், உங்கள் கண்ணெதிரேயே கோத்துத் தருவார்கள்.