பேஸ் பேசும் பாட்டு

ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் 1959இல் நியூயார்க்கில், தேவாலயமாக இருந்து ஸ்டுடியோவான கூடத்தில், இரண்டே நாள் பதிவில் முடிந்தது. முதல் உருப்படி 'ஸோ வாட்'டில் மெட்டைச் சொல்வது டிரம்பெட் அல்ல, பால் சேம்பர்ஸின் பேஸ். அது ஒரு வரி சொல்லும். முதலில் பியானோ, பிறகு ஊதுகருவிகள், இரண்டே கார்டில் பதில் கொடுக்கும். மைல்ஸின் தனி வாசிப்பு தொடங்கும் இடத்தில் ஜிம்மி காப் சிம்பலில் ஓங்கி ஒரு தட்டு தட்டுவார். சற்று அதிகம்தான், ஆனால் அந்த ரீங்காரத்தின் மேலேயே டிரம்பெட் நடை போடத் தொடங்கிவிடுகிறது. இதற்காகவே ஊசியைத் திரும்ப எடுத்து வைக்கலாம். சாக்ஸஃபோனில் ஜான் கோல்ட்ரேன் ஸ்வரங்களைக் கொட்டுகிறார்; மைல்ஸோ எண்ணி எண்ணிச் செலவழிக்கிறார். எனக்கு அந்தக் கஞ்சத்தனம்தான் பிடிக்கும். இந்தக் காலத்து ஆல்பம் வேண்டுமா? தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயரின் 'அன்ஈஸி' (2021). வாசிப்பவர்கள் மூவர்தான்; முதல் தடவை கேட்கும்போது பியானோவை விட்டுவிட்டு டைஷான் சோரியின் டிரம்ஸை மட்டும் பின்தொடருங்கள்.