நோக்கம் ஒன்று, வினா வேறு

தமிழ்ப்பள்ளிகளின் வகுப்புத் தேர்வுகள் பற்றிய ஒரு திறனாய்வு

தேர்வு என்னும் சொல்லைக் கேட்டதும் மாணாக்கர்க்கு அச்சமும், பெற்றோர்க்குக் கவலையும், ஆசிரியர்க்கு வேலைச்சுமையும் நினைவுக்கு வருதல் இயல்பு. ஆனால், இத்தேர்வு எதை அறிவதற்காக வைக்கப்படுகிறது என்னும் வினா எளிதில் எவர் உள்ளத்திலும் எழுவதில்லை. எழாத அந்த வினாவே இன்று தமிழ்ப்பள்ளிகளில் முதலில் எழவேண்டிய வினா ஆகும்.

மலேசியாவில் 1988ஆம் ஆண்டு தொடங்கி ஆறாம் ஆண்டு மாணாக்கர் அனைவரும் யூபிஎஸ்ஆர் தேர்வு எழுதி வந்தனர். 2019ஆம் ஆண்டில் நடந்ததே அதன் இறுதித் தேர்வு. 2020இல் பெருந்தொற்றினால் தேர்வு நடைபெறவில்லை. 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் அத்தேர்வு அறவே நீக்கப்பட்டதாகக் கல்வியமைச்சு அறிவித்தது. அதற்கு முன்னரே, 2019இல், முதல் மூன்று ஆண்டுகளுக்குரிய தேர்வுகளும் நீக்கப்பட்டன. அவற்றின் இடத்தை நிரப்ப வந்தது வகுப்பறை மதிப்பீடு. மாணாக்கரின் அடைவு, ஒன்று முதல் ஆறு வரையிலான நிலைகளில் குறிக்கப்படுகிறது.

இம்மாற்றத்தைப் பலரும் தேர்வு ஒழிந்தது என்று மட்டும் கண்டனர். உண்மையில் ஒழிந்தது தேர்வன்று; வினாத்தாள் ஆக்கும் பொறுப்பு கைமாறியது. முன்பு தேர்வு வாரியத்தின் வல்லுநர் குழு செய்த பணி, இப்போது ஒவ்வொரு வகுப்பாசிரியரின் மேசைக்கும் வந்து சேர்ந்துள்ளது. அப்பணிக்குரிய கருவியும் அவர் கையில் உள்ளதா என்பதே ஆராயத்தக்கது.

வினாத்தாள் பிறக்கும் முறை

ஜொகூர் மாநிலத்தில் ஏறத்தாழ எழுபது தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை ரப்பர்த் தோட்டங்களில் தோன்றியவை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; தோட்ட மக்கள் பலர் மாசாய், ஸ்கூடாய் போன்ற நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பள்ளிகள் சில மக்களைத் தொடர்ந்து இடம் மாறின. சில தோட்டத்திலேயே நின்றன. குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரங்களில் இன்றும் சிறு பள்ளிகளைக் காணலாம். 150 மாணாக்கர்க்குக் குறைந்த பள்ளியைக் குறைந்த மாணவர் கொண்ட பள்ளி என்பர். மொத்த எண்ணிக்கை 30க்கும் கீழே இறங்கினால் இரண்டு ஆண்டு மாணாக்கரை ஒரே வகுப்பில் அமர்த்தும் நிலை வருகிறது.

நகர்ப்பள்ளியாயினும் தோட்டப்பள்ளியாயினும் வகுப்புத் தேர்வுத் தாள் பிறக்கும் முறை பெரும்பாலும் ஒன்றே. கடையில் விற்கும் பயிற்சி நூலிலிருந்து ஒரு பகுதி, சென்ற ஆண்டுத் தாளிலிருந்து ஒரு பகுதி, ஆசிரியர்களின் புலனக் குழுவில் வந்ததிலிருந்து ஒரு பகுதி எனக் கூட்டிச் சேர்த்துத் தாள் உருவாகிறது. பாடத் திட்டக் குறிப்பேட்டில் நோக்கம் அழகாக எழுதப்பட்டிருக்கும். ஆயினும் தாள் ஆக்கும்போது அக்குறிப்பேடு திறக்கப்படுவதில்லை. நோக்கம் மேலதிகாரியின் பார்வைக்கு, வினா மாணாக்கரின் பார்வைக்கு என்று இரண்டும் பிரிந்து நிற்கின்றன.

இதனால் விளையும் குறைகள் மூன்று.

முதலாவது, வினைச்சொல் மாறுபாடு. 'அந்த, இந்த, எந்த' என்னும் சொற்களுக்குப்பின் வலி மிகும் என்பதைக் கற்பிக்கும் ஆசிரியர், 'மாணவர் இவ்விதியைப் பயன்படுத்தி எழுதுவர்' என்று நோக்கம் எழுதுகிறார். தேர்வில் 'சரியானதைத் தெரிவு செய்க' என்று நான்கு விடைகளைக் கொடுக்கிறார். மாணவன் 'அந்தக் கடை' என்பதைச் சரியாகத் தெரிவு செய்கிறான். முழு மதிப்பெண் பெறுகிறான். அடுத்த நாள் கட்டுரையில் 'அந்த கடை' என்றே எழுதுகிறான். ஆசிரியர் வியக்கிறார். வியப்பதற்கு ஒன்றுமில்லை. எழுதுதல் நோக்கம், சோதித்ததோ இனங்காணுதல். இனங்காணும் ஆற்றலை அளந்துவிட்டு எழுதும் ஆற்றல் வந்துவிட்டதென்று முடிவு கட்டியது தாளின் பிழை, மாணவன் பிழையன்று.

இரண்டாவது, எடை மாறுபாடு. நான்கு வாரத்தில் பாதி நேரம் வாசித்துக் கருத்துணர்தலுக்குச் செலவாகியிருக்கும். தாளிலோ இணைமொழியும் மரபுத்தொடரும் பாதி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அவற்றுக்கு வினா எழுதுவதும் திருத்துவதும் எளிது என்பதே காரணம். எது எளிதில் அளக்கப்படுமோ அதுவே மிகுதியாக அளக்கப்படுகிறது.

மூன்றாவது, மதிப்பெண்ணின் ஊமைத்தன்மை. நூற்றுக்கு அறுபது என்பதும் மூன்றாம் நிலை என்பதும் பெற்றோர்க்கு எதைச் சொல்கின்றன? பிள்ளை எதில் வல்லவன், எதில் தடுமாறுகிறான் என்பதை அவை சொல்வதில்லை. 'ஓரளவு', 'நன்கு', 'மிக நன்கு' என்னும் அடைமொழிகளை மட்டும் நம்பி நிலையைத் தீர்மானித்தால், ஓர் ஆசிரியரின் 'நன்கு' மற்றோர் ஆசிரியரின் 'ஓரளவு' ஆகிவிடும்.

நன்னூலார் கிளியும் புதிய அளவுகோலும்

நோக்கத்தை முன்வைத்துத் தேர்வை அமைக்கும் முறை புதுமையானதன்று. அமெரிக்கக் கல்வியறிஞர் ரால்ஃப் டைலர் 1949ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு நூலில், கல்வியின் நோக்கம் எது, அதற்குரிய அனுபவம் எது, அதை ஒழுங்குபடுத்துவது எப்படி, நோக்கம் நிறைவேறியதை அறிவது எப்படி என நான்கு வினாக்களை எழுப்பினார். நான்காம் வினாவிற்கு விடை முதல் வினாவில் இருக்கிறது என்பதே அவர் நெறி. 1956இல் பெஞ்சமின் புளூமும் அவர் குழுவினரும் அறிவுசார் நோக்கங்களை அறிதல், புரிதல், பயன்படுத்தல், பகுத்தல், தொகுத்தல், மதிப்பிடுதல் என ஆறு படிகளாக வகுத்தனர். 2001இல் ஆண்டர்சனும் கிராத்வாலும் அதனைத் திருத்தி, படிகளுக்கு வினைச்சொற்களையே பெயராக இட்டு, ஆக்குதலை உச்சியில் வைத்தனர்.

புளூம் இந்தியாவுக்கும் வந்தவர். 1957இல் அங்குப் பயிலரங்குகள் நடத்தினார்; அதன் பயனாக 1958இல் மையத் தேர்வுப் பிரிவு ஒன்று அமைந்தது. தமிழ்நாட்டு ஆசிரியர்கள் 'புளூ பிரிண்ட்' என்று வழங்கும் வினாத்தாள் வரைவு இவ்வழியில் பரவியதே. நாளடைவில் அவ்வரைவே, எந்தப் பாடத்தை விட்டுவிட்டாலும் தேர்ச்சி பெறலாம் என்று கணக்கிடும் கருவியாகவும் ஆகிவிட்டது. கருவியின் உயிரை விட்டு உடலை மட்டும் பற்றினால் நேர்வது இதுவே.

தமிழாசிரியர்க்கு இப்படிநிலைகள் அயலானவை அல்ல. பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் மாணாக்கரை அன்னம், பசு முதலிய உவமைகளால் தலை, இடை, கடை என வகுத்தார். பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னமும், மேய்ந்ததை அசைபோடும் பசுவும் தலைமாணாக்கர்க்கு உவமை. சொல்லிக்கொடுத்ததை மட்டும் திருப்பிச் சொல்லும் கிளி இடைமாணாக்கர்க்கு உவமை. பகுத்துணர்தலும் சிந்தித்து உட்கொள்ளுதலும் மேல். ஒப்புவித்தல் அதற்குக் கீழ் என்னும் தெளிவு நம் இலக்கண மரபில் அன்றே இருந்தது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நன்னூல் ஆளை வகுத்தது. புளூமின் முறை பணியை வகுக்கிறது. ஒரே மாணவி ஒரு வினாவில் கிளியாகவும் மற்றொரு வினாவில் அன்னமாகவும் இருக்கலாம். கிளிக்குரிய வினாக்களையே கேட்டுக்கொண்டிருக்கும் தாள், வகுப்பில் அன்னம் இல்லை என்று தீர்ப்புக் கூறும் தகுதியை இழக்கிறது. நம் வகுப்புத் தாள்கள் பலவற்றின் மீது சாட்டத்தக்க பெருங்குற்றம் இது.

ஓர் அட்டவணை

சீர்திருத்தம் பெரும்பொருட் செலவு கேட்பதன்று. ஒரு தாளும் அரைமணி நேரமும் போதும். நான்காம் ஆண்டுத் தமிழ் வகுப்பில் பத்துப் பாடவேளை கற்பித்தபின் இருபது மதிப்பெண் தேர்வு ஒன்று வைப்பதாகக் கொள்வோம். ஐந்து பாடவேளை கருத்துணர்தலுக்கும், மூன்று வலிமிகும் இடத்துக்கும், இரண்டு திருக்குறளுக்கும் சென்றன. அவ்விகிதப்படி மதிப்பெண்கள் பத்து, ஆறு, நான்கு எனப் பிரியும்.

பின்னர் ஒவ்வொன்றையும் நினைவுகூர்தல், புரிந்துகொள்ளுதல், பயன்படுத்துதல் என்னும் மூன்று பத்திகளில் பகிர வேண்டும். கருத்துணர்தலின் பத்து மதிப்பெண்ணை இரண்டு, ஐந்து, மூன்று என்றும், இலக்கணத்தின் ஆறினை ஒன்று, இரண்டு, மூன்று என்றும், குறளின் நான்கினை ஒன்று, ஒன்று, இரண்டு என்றும் வகுத்தால், நினைவுக்கு நான்கும் புரிதலுக்கு எட்டும் பயன்பாட்டுக்கு எட்டும் கிடைக்கும். ஆசிரியர் பயிற்சியில் இதனைத் தேர்வு வரையறை அட்டவணை என்று கற்றவர் பலர். கற்றதைக் கைவிட்டவரும் பலர். வினா எழுதியபின் அட்டவணையை நிரப்புவது வீண்வேலை. அட்டவணை முதலில், வினா பின்னர் என்பதே முறை.

திருக்குறளை எடுத்துக்கொள்வோம். கலைத்திட்டம் குறளையும் பொருளையும் அறிந்து கூறவும் எழுதவும் சொல்கிறது. இதனை எழுத்துக்கு எழுத்துக் கொண்டால், விடுபட்ட சீரை நிரப்பச் சொல்லும் வினாவே போதும் என்று தோன்றும். கலைத்திட்டத்தின் சொல்லமைப்பே இங்கு ஆசிரியரை மனப்பாடத்தின் பக்கம் சாய்க்கிறது என்று குறைகூற இடமுண்டு. ஆயினும் பாட நோக்கத்தைக் கூர்மைப்படுத்தும் உரிமை ஆசிரியர்க்கு இருக்கிறது. பள்ளிப் பேருந்தில் ஒருவன் தன் தோழனைக் கடுஞ்சொல்லால் இகழ்கிறான். 'இனியவை கூறல்' அதிகாரத்தில் படித்த குறளைக்கொண்டு அவனுக்கு என்ன சொல்வாய், ஏன் என்று கேட்டால், குறள் நாவிலிருந்து நெஞ்சுக்கு இறங்கியதா என்பது தெரியும். சீரை நிரப்பும் வினாவும் இருக்கட்டும். அது ஒரு மதிப்பெண்ணோடு நிற்கட்டும்.

திருத்தும் முறையும் மாறவேண்டும். மொத்த எண்ணோடு, நோக்கத்திற்கு ஓர் எண்ணாக மூன்று எண்களையும் குறித்தால், 'கருத்துணர்தலில் தேறினான். இலக்கணத்தை எழுத்தில் பயன்படுத்தத் தடுமாறுகிறான்' என்று பெற்றோரிடம் சொல்ல முடியும். மறுவாரம் எதை மீண்டும் கற்பிப்பது என்பதும் ஆசிரியர்க்கு விளங்கும். அடைவுநிலையை முடிவு செய்யவும் சான்று கிடைக்கும்.

தடைகளும் விடைகளும்

இம்முறைக்கு இரண்டு தடைகள் எழுப்பப்படுவதுண்டு. நேரமில்லை என்பது ஒன்று. பல பாடங்களையும் கற்பித்து, பதிவேடுகளும் நிரப்பி, சில பள்ளிகளில் இரண்டு ஆண்டு மாணாக்கரை ஒருசேரவும் நடத்தும் ஆசிரியரின் சுமை பொய்யன்று. எனினும் சிறு பள்ளிக்கு ஒரு பேறு உண்டு. ஆறு பேர் உள்ள வகுப்பில் ஆறு பேரையும் தனித்தனியே வாசிக்கச் செய்து கேட்கலாம். பேசச் செய்து குறிக்கலாம். நாற்பது பேர் கொண்ட நகர வகுப்பின் ஆசிரியர்க்கு இது எட்டாக்கனி. எண்ணிக்கைக் குறைவை இழுக்காகக் கருதும் தோட்டப்பள்ளி, மதிப்பீட்டில் அதனையே வலிமையாக மாற்றலாம். ஒருமுறை வரைந்த அட்டவணையை அண்டைப் பள்ளிகள் பகிர்ந்துகொள்ளலாம். புலனக் குழுவில் வினாத்தாள்கள் பறப்பதைவிட அட்டவணைகள் பறப்பது நன்று.

மற்றொரு தடை ஆழமானது. எல்லாக் கல்வியையும் முன்கூட்டியே நோக்கமாக எழுதிவிட முடியுமா? அமெரிக்க அறிஞர் எலியட் ஐஸ்னர் 1967ஆம் ஆண்டிலேயே இவ்வினாவை எழுப்பினார். கலையும் இலக்கியமும் தரும் பயனை முன்னறிந்து சொல்ல இயலாது; வியப்புக்கும் அங்கே இடம் வேண்டும் என்றார். இஃது ஏற்கத்தக்கதே. ஒரு கவிதையைக் கேட்ட சிறுமியின் கண்கள் மலர்வதற்கு மதிப்பெண் இல்லை, இருக்கவும் கூடாது. ஆனால் அச்சிறுமி அக்கவிதையைத் தானே எழுத்துக்கூட்டாமல் வாசிக்க வல்லவளா என்பது முன்னறிந்து எழுதத்தக்க நோக்கம். அளந்தே ஆகவேண்டிய நோக்கம். அளக்கத்தகாததைக் காட்டி, அளக்கவேண்டியதை அளக்காமல் விடுதல் முறையன்று.

ஆறு ஆண்டுகளே

இதில் ஏன் இத்துணைக் கண்டிப்பு வேண்டும்? தமிழ்வழிக் கல்வி இந்நாட்டில் ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதன்பின் இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஒரு பாடம் மட்டுமே. மலாய்மொழி போதாதவர்க்குப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கழிகிறது. ஆறு ஆண்டுகளுக்குள் வாசிக்கத் தெரியாத பிள்ளையை, வாசிக்கத் தெரிந்தவன் என்று ஒரு நிலையெண் சொல்லி அனுப்பிவிட்டால், பின்னால் அவனைத் தாய்மொழியில் தூக்கிவிடக் கைகள் குறைவு. தனிவகுப்புக்குப் பணம் கட்ட இயலாத தொழிலாளியின் பிள்ளைக்கு, வகுப்புத் தேர்வே நோயறியும் கருவி. அது பொய் சொன்னால் மருந்தும் தவறும்.

யூபிஎஸ்ஆர் இருந்த காலத்தில் குறை காண வெளியே ஒரு தேர்வு வாரியம் இருந்தது. எத்தனை ஏ என்று எண்ணிக்கொண்டிருந்தோம். இன்று எண்ணுவதற்கு அது இல்லை. ஆசிரியரின் நேர்மையும் அவர் கையிலுள்ள அட்டவணையுமே மிஞ்சியுள்ளன. ஆசிரியர்கள் அடுத்த தாளை எழுத அமருமுன் பயிற்சி நூலை மூடிவைத்துக் குறிப்பேட்டைத் திறப்பார்களாக. அங்கே எழுதப்பட்டுள்ள நோக்கத்தின் வினைச்சொல் எதுவோ, அதுவே வினாவின் வினைச்சொல்லும் ஆகட்டும்.