பாட்டரி விதிகளும் பட்டறை மண்ணும்

பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறுவதற்கென நம் நாட்டில் 2001-ஆம் ஆண்டு விதிகள் வகுக்கப்பட்டன. 2022 ஆகஸ்டில், எல்லா வகைப் பாட்டரிகளுக்கும் பொருந்தும் புதிய விதிகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. பாட்டரியைத் தயாரிப்பவரே அதன் முடிவுக்கும் பொறுப்பாளர் என்பது இவற்றின் சாரம். வரவேற்கத்தக்க கொள்கைதான். ஆனால், திண்டுக்கல்–கரூர் சாலையில் தாடிக்கொம்புப் பக்கம் ஒரு வண்டிப் பட்டறையில் நின்றுகொண்டு இவ்விதிகளைப் படித்தால் ஒரு குறை புலப்படும். விதிகள் பாட்டரியைக் கணக்கிடுகின்றன. பட்டறையின் மண்ணைச் சோதிக்கச் சொல்வதில்லை.

இது சிறு குறையா? கணக்கிட்டுப் பார்ப்போம். கார் பாட்டரி ஒன்றின் எடை 15 கிலோ எனில், அதில் ஏறக்குறைய 9 கிலோ காரீயம். பட்டறை முற்றத்தில் 10 சதுர மீட்டர் இடத்தை எடுத்துக்கொள்வோம். 5 செ.மீ. ஆழம் வரையுள்ள மண்ணின் எடை சுமார் 650 கிலோ. குடியிருப்பு மண்ணில் கிலோவுக்கு 400 மில்லிகிராம் காரீயம் என்றிருந்த எச்சரிக்கை அளவை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2024-இல் 200 ஆகக் குறைத்தது. நம் முற்றம் அந்த அளவை எட்ட 130 கிராம் காரீயமே போதும்!

2001 விதிகள் மூன்றாம் ஆண்டு முதல் 90 விழுக்காடு பாட்டரிகள் திரும்பி வரவேண்டும் என்றன. தேர்வில் அது முதல் வகுப்பு மதிப்பெண். ஆனால் திரும்பி வராத ஒரே ஒரு பாட்டரியின் காரீயம், இத்தகைய 69 முற்றங்களை எச்சரிக்கை அளவுக்குக் கொண்டுபோகப் போதுமானது. திரும்பி வரும் பாட்டரியும் குற்றமற்றதன்று. பழைய பாட்டரி கிலோக் கணக்கில் விலை போவதால், ஆசிட்டைத் தரையில் கொட்டிவிட்டு எடை போடுவது பல இடங்களில் வழக்கம். காரீயத் துகள்களும் அதனோடு மண்ணில் இறங்குகின்றன. ஏட்டில் அது 'திரும்பப் பெற்ற' பாட்டரியே!

யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து இறுதியில் காரீயமாகி நிற்கிறது என்று வகுப்பில் படிக்கிறோம். அதற்குமேல் சிதைவில்லை. மண்ணில் விழுந்த காரீயமும் அழிவதில்லை. களிமண்ணோடு ஒட்டி மேற்பரப்பிலேயே தங்கிவிடும். பிறகு தூசியாகக் கையிலும் செருப்பிலும் ஏறி வீட்டுக்குள் நுழையும். குழந்தைகளின் வளரும் மூளையையே அது முதலில் தாக்குகிறது. ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டின் தியாரோய் பகுதியில், பாட்டரி உடைத்த மண்ணால் 2007–08-இல் 18 குழந்தைகள் இறந்தனர்.

திண்டுக்கல் வட்டாரத்தில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளால் நிலத்தடி நீரில் குரோமியம் சேர்ந்ததை ஆய்வாளர்கள் விரிவாக ஆராய்ந்துள்ளனர். தண்ணீர் கெட்டால் நிறமும் சுவையும் சில வேளைகளில் காட்டிக்கொடுக்கும். காரீயம் கலந்த மண்ணோ பார்வைக்கு மற்ற மண்ணைப் போலவே இருக்கும். அதனால்தான் சோதனை தேவைப்படுகிறது.

மெக்கானிக்கைக் குறைகூறிப் பயனில்லை. ஆசிட்டோடு வரும் பாட்டரிக்குக் குறையாத விலை, பட்டறைக்குச் சிமெண்டுத் தரை, ஆண்டுக்கொரு மண் சோதனை ஆகிய மூன்றையும் விதிகளில் சேர்க்க வேண்டும். அதுவரை, பட்டறையில் தொழில் பழகும் தம்பிகள் சாப்பிடுமுன் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும். வேலை உடையைப் பட்டறையிலேயே மாற்றிவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.